விதை வெங்காயமும் ரியூலிப் பூவும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 38. கொக்குவிலில் அம்மாவோடு இருக்கிறேன். அரசாங்கப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வங்கியில் 14 லட்சம் ரூபாய் நிலையான வைப்பில் இருக்கிறது, அடுத்த மாதம் முதிர்கிறது. அயலில் ஒருவரிடம் மாதம் 25,000 ரூபாய் சீட்டுக் கட்டினேன், அது முடிந்து காசும் கைக்கு வந்து வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. சின்ன வயதில் நாட்காட்டியில் பார்த்த நெதர்லாந்து ரியூலிப் தோட்டத்தை ஒருமுறை நேரில் பார்க்க ஆசை. கூட வர ஆளில்லை, தனியாகத்தான் போகவேண்டும். அம்மா, "அந்தக் காசுக்கு ஒரு சோடிக் காப்புச் செய்யலாமே" என்கிறா. கனடாவில் இருக்கிற பெரியக்கா, "நான் தாறன், போட்டு வா" என்கிறா. வைப்பை எடுத்துக்கொண்டு வருகிற ஏப்ரலில் போகலாமா?

பதில்: போங்கோ, தங்கச்சி. ஆனால் அந்த 14 லட்சத்தில் கை வைக்காமல் போங்கோ. அதற்காக இன்னுமொரு வருடம் பொறுக்கவேண்டி வரும்.

நானும் தனியாகப் போன முதல் வெளிநாட்டுப் பயணம் இதே பூவுக்காகத்தான். 2018 ஏப்ரல் கடைசி வாரம். லைடன் நகரத்திலிருந்து கொய்கென்ஹோஃப் தோட்டத்துக்குப் பேருந்தில் போனேன். வழிநெடுக வயல்கள். அரைவாசி வயல்களில் பூவே இல்லை, தலை வெட்டின பச்சைத் தண்டுகள் மட்டும். வரம்போரம் சிவப்பும் மஞ்சளுமாக இதழ்கள் குவிந்து கிடந்தன. இவ்வளவு தூரம் வந்து இதையா பார்க்கிறேன் என்று நெஞ்சு அடைத்துப் போனது.

பிறகுதான் விளங்கியது. அந்த விவசாயிகள் விற்பது பூவையல்ல, கிழங்கை. பூ விரிந்ததும் நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையை வெட்டிவிடுகிறார்கள். சத்தெல்லாம் கீழே இறங்கிக் கிழங்கு பெருக்கவேண்டும் என்பதற்காக. எனக்கு உடனே ஐயாவின் நினைவு வந்தது. நீர்வேலிச் செம்மண்ணில் வெங்காயம் வைத்தவர். எவ்வளவு காசுமுடை வந்தாலும் தாழ்வாரத்தில் பிடிபிடியாகக் கட்டித் தொங்கும் விதை வெங்காயத்தில் தொடமாட்டார், எங்களையும் தொடவிடமாட்டார். ரியூலிப் கிழங்கும் பார்வைக்கு வெங்காயம் போலத்தான்.

உங்கள் 14 லட்சம் விதை வெங்காயம். அம்மாவுக்கு ஒரு வருத்தம் துன்பம் என்றால் முதலில் நிற்கப்போவது அதுதான். முதிரும்போது மாதாந்த வட்டிக்கு மாற்றிப் புதுப்பியுங்கோ. வருடத்துக்கு 8 வீதம் என்று வைத்தால் 112,000 ரூபாய். 10 வீத வரி கழித்தால் மாதம் 8,400 ரூபாய் கையில் வரும். சீட்டுக்குக் கட்டிய 25,000 ரூபாயையும் அதனோடு சேர்த்துத் தனிக் கணக்கில் போடுங்கோ. இந்த ஒக்டோபரிலிருந்து 18 மாதத்தில் 6 லட்சம். இதற்கென்று திரும்பச் சீட்டுப் பிடிக்கவேண்டாம். ஒருவர் கட்டாமல் விட்டால் உங்கள் முறை தள்ளிப்போகும், பூ உங்களுக்காகத் தள்ளிப் பூக்காது. அந்தத் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை எட்டுக் கிழமைதான் திறந்திருக்கும்.

6 லட்சம் போதுமா? ஒரு யூரோ 350 ரூபாய் என்று எடுத்துப் பாருங்கோ. விமானத்துக்கு 3 லட்சம் ஒதுக்குங்கோ. நெதர்லாந்துக்குப் போக எடுக்கவேண்டிய ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ, 31,500 ரூபாய். விசா மறுத்தாலும் அது திரும்பி வராது. ஆம்ஸ்ரர்டாமில் தங்காமல் லைடனிலோ ஹார்லெமிலோ சின்ன விடுதியில் ஆறு நாள் தங்கி, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து நாளுக்கு 90 யூரோ என்றால் 189,000 ரூபாய். தோட்ட நுழைவு, குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி, விசாவுக்குக் கொழும்பு போய்வரும் செலவு எல்லாம் போக 50,000 ரூபாய் அளவில் மிஞ்சவேண்டும். அதை எதற்கும் தொடாதேங்கோ. 2022 மார்ச்சில் ரூபாயைத் தளரவிட்டபோது 200ஐ ஒட்டி நின்ற டொலர் சில கிழமைக்குள் 300ஐத் தாண்டியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அம்மா சொல்வதும் பிழையில்லை. அந்த வருடம் எத்தனையோ வீட்டில் காப்புத்தான் அடகுக்குப் போய் உலை வைத்தது. முதல் அப்படியே இருக்கிறது என்று வங்கிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அவவின் பயம் பாதி குறையும்.

பெரியக்காவின் காசைப் பயணத்துக்கு வாங்கவேண்டாம். கணக்கில் திடீரென்று விழும் பெருந்தொகையை விசா அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார், மாதாமாதம் ஏறிவந்த கணக்கே உங்களுக்கு நல்ல சாட்சி. நீங்கள் இல்லாத ஒரு கிழமை அம்மாவோடு ஆள் நிற்பதற்கு அவ உதவட்டும். விசா விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். திணைக்களத்தின் வெளிநாட்டு விடுமுறை அனுமதிக்கு அதற்கும் முன்பே எழுதுங்கோ.

வங்கிக்குச் சொல்லி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துகொண்டு போங்கோ. நான் சொல்லாமல் போனேன். இரவு ஒன்பது மணிக்கு விடுதி வாசலில் அட்டை மூன்று தரம் மறுத்தது. கைப்பையின் உள்மடிப்பில் வைத்திருந்த 100 யூரோத் தாள்தான் அன்றிரவு படுக்க இடம் தந்தது.

தோட்டத்துக்குள் என் துக்கமெல்லாம் போய்விட்டது. 32 ஹெக்டயர் நிலம், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் 70 லட்சம் கிழங்குகள் நடுகிறார்கள். முந்திப் பூப்பது, பிந்திப் பூப்பது என்று அடுக்கடுக்காக நடுவதால் வயல் வெறுமையான பிறகும் உள்ளே பூ நிற்கும். ஹையசிந்த் பூவைக் கண் காணுமுன் மூக்குத்தான் கண்டது. ஒரு வாங்கிலிலே குந்தி, ஒருவருக்கும் பதில் சொல்லாமல், இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வயலையும் பூவோடு பார்க்க ஏப்ரல் நடுப்பகுதிக்குப் போங்கோ. சித்திரை விடுமுறையும் அப்போதுதான். வருடப் பிறப்பன்று வீட்டில் இல்லையே என்று அம்மா மனம் நோவா. அன்று அங்கே காலை 9 மணிக்கு வீடியோவில் கூப்பிடுங்கோ, இங்கே மதியம் பன்னிரண்டரை, அவ சமையலை முடித்திருப்பா.