மூன்றாவது கானில் விழுந்தவர் என்ன எழுத வேண்டும்?

ஐயா,
பண்டாரவளையில் இருக்கும் என் தோழி, 48 மணித்தியால கேம் ஜேம் (குறித்த நேரத்துக்குள் கேம் செய்யும் போட்டி) ஒன்றுக்காகத் தனியாளாக ஒரு கேம் செய்தாள். மூடுபனி இறங்குமுன் தேயிலைக் கொழுந்து பறித்து, கான்களை (மலையில் வெட்டிய வடிகால்களை) தாண்டி, மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) கூடையை நிறுக்க வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். எனக்கு மூன்றாவது கானைத் தாண்டவே முடியவில்லை. தமிழ் எழுத்தும் உடைந்து தெரிந்தது. தூங்காமல் செய்தவள் மனம் நோகுமே என்று "சூப்பர்" என்று மட்டும் எழுதிவிட்டேன். வாக்களிப்பு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. என்ன எழுதியிருக்க வேண்டும்?
வாசகி, ஹட்டன்

அன்புள்ள சகோதரி,

"சூப்பர்" என்றதைப் படித்துவிட்டு உங்கள் தோழி எதைத் திருத்துவார்? நீங்கள் விழுந்ததே அவருக்குத் தெரியாது. செய்தவர் அதே கானை எத்தனையோ தடவை தாண்டி விரல் பழகியிருப்பார். முதல் தடவை விளையாடும் ஒருவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை உங்களைப் போன்றவர்தான் சொல்ல முடியும்.

"தாண்டுவது சரியில்லை" என்றாலும் போதாது. மூன்று வேறு கோளாறுகளுக்கு அந்த ஒரே வசனம் பொருந்தும். இன்னொரு தடவை விளையாடி, எது என்று பாருங்கள்.

கான் விளிம்பை விட்டுக் கால் விலகிய மறுகணம் அழுத்தி, அப்படியே விழுந்தீர்களா? விளிம்பைக் கடந்த பிறகும் சில பிரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு) தாண்ட விடுவது வழக்கம். கயோட்டி டைம் என்பார்கள். விநாடிக்கு 60 பிரேமில் ஓடும் கேமில் 6 பிரேம் கொடுத்தால் 0.1 விநாடி, விளையாடுபவருக்கு அது தெரியவே தெரியாது, கை கேட்டபடி நடக்கிறது என்று மட்டும் தோன்றும். இல்லை, இரண்டாவது கானைத் தாண்டித் தரையில் கால் படுவதற்குச் சற்று முன்பே அடுத்த தாண்டலுக்கு அழுத்திவிட்டீர்களா? அப்போது கேம் அந்த அழுத்தலைக் கணக்கில் எடுக்கவில்லை. அதைச் சில பிரேம் நினைவில் வைத்து, தரை தொட்டதும் தாண்ட வைக்க வேண்டும்.

மூன்றாவது வகை, எப்போது அழுத்தினாலும் ஒரே அளவு குறைவாகத் தாண்டுவது. அவசரத்தில் எழுதும் கோடில், ஈர்ப்புக்கு டெல்டா டைமை (ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரத்தை) பெருக்கிவிட்டு வேகத்துக்கு மறந்துவிடுவது நடக்கும். அப்படியானால் தாண்டும் உயரமே கணினிக்குக் கணினி மாறும். அவருடைய லெப்டொப்பில் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் எந்தக் கணினி, எந்தப் பிரவுசர் என்று முதலில் எழுதச் சொல்கிறேன்.

இப்படி எழுதலாம்: "பழைய லெப்டொப், குரோம். மூன்றாவது கானில் எட்டுத் தடவை விழுந்தேன். ஆறு தடவை விளிம்பைத் தாண்டிய பிறகுதான் அழுத்தினேன் என்று நினைக்கிறேன். அதோடு நிறுத்திவிட்டேன், மடுவத்தைப் பார்க்கவில்லை." ஸ்கிரீன் ரெக்கோர்டிங் இருந்தால் இன்னும் நல்லது. "கானைச் சின்னதாக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோளாறு அழுத்தும் நேரத்தில் இருந்தால், நான்காவது கானில் அதுவே மறுபடி வரும்.

எழுத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் போதும். "கொழுந்து" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா, அல்லது வெறும் கட்டமா? கட்டம் என்றால் ஃபொன்டில் தமிழே இல்லை. கொம்பு இடம் மாறினால் எஞ்சின் (கேம் செய்யப் பயன்படும் மென்பொருள்) எழுத்தைக் கோக்கவில்லை. கொடோ என்ற எஞ்சினின் 3-ஆம் பதிப்பில் இது வரும், 4-ஆம் பதிப்பில் தீர்ந்துவிட்டது. வாக்களிப்புக்கு நடுவில் எஞ்சின் மாற்றச் சொல்வது கொடுமை. அந்தச் சில சொற்களைப் படமாக வரைந்து வைத்தால் இப்போதைக்குச் சமாளிக்கலாம்.

இன்னும் இரண்டு மலை வேண்டும், கங்காணி பாத்திரம் வேண்டும் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். லூடம் டேர் போன்ற ஜேம்களில் நேரம் முடிந்தபின் கோளாறு திருத்தலாம், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. தொடர்ந்து செய்யப்போவதாக அவரே சொன்னால் அப்போது பேசுங்கள்.

பிடித்ததையும் இதே துல்லியத்தோடு எழுதுங்கள். அரைப்பேர் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. நாள் முழுக்க மலையில் நின்றும் கிலோ குறைந்ததால் பாதிச் சம்பளம் என்பதை, விளக்கவுரை இல்லாமல் ஒரு தராசே சொல்லிவிடுகிறது. அது உங்களைத் தொட்டிருந்தால் எந்தக் கணத்தில் என்று சொல்லுங்கள். யாரும் சொல்லாவிட்டால், கேம் கடினமாக இருக்கிறது என்ற பயத்தில் அவர் அதையே வெட்டிவிடக்கூடும்.

பாராட்டைக் கேமின் பக்கத்தில் எல்லோரும் பார்க்கப் போடுங்கள். கான் விவகாரத்தை இன்றைக்கே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்; ஒரு வாரம் இருக்கிறது, 6 பிரேம் சேர்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.