குழந்தைப் புற்றுநோய் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வெளிநாட்டில் குழந்தைப் புற்றுநோய் ஆய்வகத்தில் வேலை கிடைத்து வந்திருக்கிறீர்கள். வாடகை, குளிர், விசா பற்றிக் கேட்டுவிட்டு, மருத்துவர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீடும் குளிரும் பழகிவிடும். விசாவை உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம்.

நம் ஆட்கள் பலர் ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. மின்னஞ்சலில் நோயாளிகளின் ரத்த, மஜ்ஜை, கட்டி மாதிரிகளைக் கேட்பார்கள். வந்தது சரியில்லையென்றால் மருத்துவரைக் குறை சொல்வார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது. பல துறை மருத்துவர்கள் கூடி ஒவ்வொரு நோயாளியின் சிகிச்சையையும் பேசி முடிவுசெய்யும் டியூமர் போர்டு கூட்டத்துக்கு வாராவாரம் போங்கள். உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். எந்தக் குழந்தைக்கு எப்போது சிகிச்சை தொடங்குகிறது என்பது அங்கேதான் தெரியும். ரத்தப்புற்றில் ஸ்டீராய்டு தொடங்கிய ஓரிரு நாளிலேயே புற்றணுக்கள் மடிய ஆரம்பிக்கும். மாதிரியை அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

எலும்பு மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி எடுக்கும்போது முதல் இழுப்பு நோயறிதலுக்குப் போகும். ஆய்வுக்குக் கிடைக்கும் பிந்தைய இழுப்பில் ரத்தம் கலந்து நீர்த்திருக்கும். சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சியிருப்பதை, 10,000 அணுக்களில் ஒரு புற்றணு என்ற அளவில் தேடும்போது இது முடிவையே மாற்றிவிடும். எத்தனையாவது இழுப்பு என்று குழாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் மருந்து இருக்கும்; டி.என்.ஏ. வேலைக்கு ஈ.டி.டி.ஏ. உள்ள குழாய்தான், ஹெப்பாரின் உள்ளது டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். கட்டியென்றால் அறுவைக்கு முன்பே திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் பெத்தாலஜிஸ்டிடம் பேசுங்கள். நோயறிதலுக்குப் போக மிஞ்சியதை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் விழுமுன் வாங்கி, 30 நிமிடத்துக்குள் திரவ நைட்ரஜனில் உறையவையுங்கள்.

10 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். ஆய்வுக்கு 8 வாரத்தில் கிலோவுக்கு 3 மில்லி என்பது பல நெறிமுறைக் குழுக்களின் வரம்பு. அதற்கென்று தனியாக ஊசி குத்தச் சொல்லாதீர்கள், சிகிச்சைக்காகக் குத்தும்போதே எடுக்கட்டும். பெற்றோர் கையெழுத்து போதாது. விவரம் தெரிந்த பிள்ளையிடமும் கேட்க வேண்டும். மரபணு வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்கில் ஏதாவது தெரிந்தால் நேரே வார்டுக்கு ஓடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் உறுதியான பிறகே அது சிகிச்சைக்கு உதவும்.

ஆய்வகமும் மருத்துவரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 1920-களில் அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஃபோலிக் அமிலச் சேர்மங்கள் ரத்தப்புற்றை முடுக்கிவிடுவதுபோல பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்த மருத்துவர் சிட்னி ஃபார்பருக்குத் தெரிந்தது. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின் என்ற மருந்து, சுப்பாராவ் தலைமையில் இயங்கிய லெடர்லி மருந்து நிறுவன ஆய்வகத்திலிருந்து வந்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் என்று 1948-இல் ஃபார்பர் எழுதினார். தற்காலிக முன்னேற்றம்தான், ஆனால் அதற்கு முன் அதுகூட இல்லை. ஃபார்பரை எல்லோருக்கும் தெரிகிறது. சுப்பாராவ் பெயரைச் சொன்னால் நம் ஆட்களே யார் என்று கேட்கிறார்கள்.