புண்ணில் மருந்து பொங்கினால் சீழ் இருக்கிறதென்று அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. பத்து நாளைக்கு முன்பு வயலில் வரப்பின் அண்டை வெட்டும்போது மண்வெட்டி பட்டு வலது கால் பாதத்தில் வெட்டுக்காயம். மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி தினமும் இரண்டு வேளை ஊற்றுகிறோம். பொங்குகிறவரை உள்ளே சீழ் இருக்கிறது என்கிறார் அப்பா. திண்ணையில் கைக்கு எட்டும்படி அதைத் தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைத்திருக்கிறார். இப்போது பொங்குவது குறைந்துவிட்டது, ஆனால் புண் ஆறவில்லை. புது பாட்டில் வாங்கலாமா? – வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வாங்க வேண்டாம். ஊற்றுவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

வீட்டில் ஒரு பச்சை உருளைக்கிழங்கை நறுக்கி, அதன்மேல் புது மருந்து இரண்டு சொட்டு விட்டால் அதுவும் பொங்கும். உருளைக்கிழங்குக்கு ஏது சீழ்? ஹைட்ரஜன் பெராக்சைடு நிலையில்லாத பொருள்; தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சிதைவு வினை என்று படித்திருப்பீர்கள். தானாகப் பிரிந்தால் மெதுவாகத்தான் நடக்கும். கேட்டலேஸ் என்ற நொதி பட்டால் கண் எதிரே பொங்கும். அந்த நொதி நம் ரத்தத்தில் இருக்கிறது, சதையில் இருக்கிறது, உருளைக்கிழங்கிலும் இருக்கிறது. ஆக, நுரை ஆக்சிஜன் குமிழிதான். சீழ் இருந்தாலும் பொங்கும், இல்லாவிட்டாலும் பொங்கும். இன்னொரு வேடிக்கை: புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியிடமும் இந்த நொதி உண்டு. மருந்தை உடைத்துத் தன்னைக் கொஞ்சம் காத்துக்கொள்ளும்.

பொங்குவது குறைந்ததற்குக் காரணம் புண்ணில் இல்லை, திண்ணையில். வெளிச்சமும் வெயிலும் பட்டால் இது சீக்கிரம் சிதையும். கடையில் பழுப்பு நிற பாட்டிலில் கொடுப்பது அதற்குத்தான். உங்கள் பாட்டிலில் இப்போது பெரும்பாலும் தண்ணீர்தான் மிச்சம் இருக்கும்.

முதல் நாள் சேற்றைக் கழுவ ஒருமுறை ஊற்றியதில் பெரிய தவறில்லை. தினமும் ஊற்றினால், புண்ணை மூட வளர்ந்து வரும் புதுச் சதையையும் சேர்த்து எரித்துவிடும். ‘20 வால்யூம்’ என்று போட்டிருந்தால் அது 6 சதவீதக் கரைசல். ஒரு மில்லி முழுக்கச் சிதைந்தால் ஏறக்குறைய 20 மில்லி ஆக்சிஜன் வரும். அதனால்தான் வாய் குறுகிய ஆழமான காயத்துக்குள் இதைச் செலுத்தவே கூடாது. வாயு வெளியேற வழியில்லாமல் ரத்தக் குழாயில் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து.

சுத்தமான தண்ணீரில் புண்ணைக் கழுவி, சுற்றிலும் சோப்புப் போட்டு, ஈரம் ஒற்றி, சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். புண் மூடும்வரை அப்பா சேற்றில் இறங்கக் கூடாது. நடவு நேரத்தில் இதைச் சொன்னால் என்மேல் கோபம்தான் வரும். ஆனாலும் வெட்டுக்காயத்தோடு வயல் தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும்.

பத்து நாளாகியும் ஆறாத கால் புண் என்றால் எனக்கு முதலில் சர்க்கரை மேல்தான் சந்தேகம். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ரத்தச் சர்க்கரை பாருங்கள். மண்வெட்டிக் காயம் என்பதால், கடைசி டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் போட வேண்டும். காய்ச்சல், நாற்றம், சதை கறுப்பது, சிவப்பு மேலேறுவது, இதில் எது தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

திண்ணையில் இருக்கும் அந்தத் தண்ணீர் பாட்டிலை முதலில் எடுத்துக் கொட்டுங்கள். வயலிலிருந்து தாகத்தோடு வருகிறவருக்கு அது வெறும் தண்ணீராகத்தான் தெரியும்.