டியூப் இரை ஒரே கடியில் கிழிகிறதா? காய்ச்சுவதில் இருந்து பார்ப்போம்

வாசகர் ஒருவரின் கேள்வி: பாஸ் மீன் பிடிக்க வீட்டிலேயே டியூப் இரை (உள்ளே குழலாக இருக்கும் மென்பிளாஸ்டிக் போலி இரை) செய்கிறேன். அலுமினியக் கம்பியைச் சூடான பிளாஸ்டிசால் என்ற திரவ பிளாஸ்டிக்கில் முக்கி எடுத்து, ஆறியதும் உருவி, வால் பக்கத்தை இழை இழையாகக் கீறுகிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றிரண்டு மீன் கடித்ததும் மூக்கு கிழிந்து, உள்ளே செருகிய ஜிக் (எடைத் தலை வைத்த தூண்டில் முள்) வெளியே வந்துவிடுகிறது, இல்லையென்றால் வால் இழைகள் உதிர்கின்றன. பிளாஸ்டிக்கைக் கெட்டியாக்கும் ஹார்டனர் சேர்த்துப் பார்த்தேன், விறைத்துப்போய் அசைவே இல்லை. மென்மையும் வேண்டும், நாலு மீனுக்காவது தாங்கவும் வேண்டும். வழி உண்டா?

வழி உண்டு. ஹார்டனர் பாட்டிலைச் சில நாள் தள்ளி வையுங்கள். அது கடைசியில் தொட வேண்டிய சரக்கு. டியூப் எவ்வளவு உழைக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது நீங்கள் பிளாஸ்டிக்கைக் காய்ச்சும் விதம். அடுத்து, சுவரின் தடிமனை எங்கே கூட்டுகிறீர்கள், எங்கே குறைக்கிறீர்கள் என்பது.

டியூப் எப்படிக் கிழிகிறது என்று பாருங்கள். பாஸின் வாயில் இருப்பவை சொரசொரப்பான சிறு பற்கள். அவை பிடித்து வைக்குமே தவிர வெட்டாது. மீன் துள்ளித் தலையை உதறும்போது ஜிக்கின் எடை உள்ளே ஆடுகிறதே, அதுதான் கிழிக்கிறது. அந்தக் கிழிசலும் நல்ல சுவரில் தொடங்காது. ஜிக்கில் தூண்டில் நரம்பு கட்டும் வளையம் வெளியே வரும் துளை, முள் குத்தி வெளிவரும் துளை, வால் கீறலின் அடி, சுவருக்குள் சிக்கிய காற்றுக் குமிழி என்று ஏற்கெனவே ஒரு பலவீனம் இருக்கும் இடத்தில்தான் தொடங்கும். பிளாஸ்டிக் உறையின் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று இருந்தால், இழுத்ததும் அங்கிருந்தே பிளந்துகொண்டு போவதைப் போல.

சரி, இப்போது காய்ச்சல். பிளாஸ்டிசால் என்பது நுண்ணிய பிவிசி துகள்கள் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெயில் மிதக்கும் கலவை. பாட்டில் சும்மா நிற்கும்போது துகள்கள் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் மேலே வரும் பங்கில் எண்ணெய் அதிகம். அதில் செய்த டியூப் தொளதொளப்பாக இருக்கும், எண்ணெய் கசியும், சீக்கிரம் கிழியும். அதே பாட்டிலின் அடிப்பங்கு விறைப்பாக வரும். ஹார்டனரின் அளவைக் குறை சொல்வதற்கு முன், அடியில் படிந்தது முழுக்கக் கரையும் வரை குலுக்கினீர்களா என்று யோசியுங்கள்.

சூடாக்கும்போது கலவை முதலில் கெட்டியாகிக் கூழ் மாதிரி ஆகும். அப்புறம் மறுபடி இளகி, பால் நிறம் போய்த் தெளிவான திரவமாகும். சுமார் 165 முதல் 175 டிகிரி செல்சியஸில்தான் துகள்கள் எண்ணெயை முழுக்க உறிஞ்சி ஒன்றோடொன்று உருகிச் சேர்கின்றன. 150 டிகிரியில் நிறுத்தினாலும் ஊற்ற முடியும், கம்பியிலும் ஒட்டும், ஆறியதும் டியூப் போலவே இருக்கும். ஆனால் துகள்கள் முழுதாக இணைந்திருக்காது. இழுத்தால் நீளாமல் பொசுக்கென்று அறுந்துவிடும். உங்கள் டியூப் விஷயத்தில் என் முதல் சந்தேகம் இதுதான். நிறமும் மினுக்கும் (கிளிட்டர்) சேர்த்துவிட்டால் கலவை தெளிந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் நிறமில்லாமல் முழுக்கத் தெளியவிட்டு, பிறகு நிறம் சேர்த்துக் கிளறி, வெப்பத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். மைக்ரோவேவில் காய்ச்சினால் நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. சிறு சிறு இடைவெளியில் நிறுத்தி, அடிவரை கிளறி, உடனே அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கிளறுவதற்கு உலோகக் கம்பி நல்லது. மரக்குச்சியில் ஈரம் இருக்கும், அது ஆவியாகிக் குமிழி குமிழியாகக் கிளம்பும்.

மறுபக்கம், 190 டிகிரியைத் தாண்ட விட்டால் பிளாஸ்டிக் மஞ்சளித்துக் கருகத் தொடங்கும். கருகும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது, அது கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். இதில் சமரசமே வேண்டாம். திறந்த வெளியிலோ வெளியேற்றும் விசிறி உள்ள இடத்திலோ மட்டும் வேலை செய்யுங்கள். கரிம ஆவி, அமில வாயு இரண்டையும் தடுக்கும் வடிகட்டி போட்ட ரெஸ்பிரேட்டர், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் கட்டாயம். துணி முகமூடி இந்த வாயுவைத் தடுக்காது. சமையலுக்குப் பயன்படும் மைக்ரோவேவும் பாத்திரமும் இந்தப் பக்கம் வரவே கூடாது. ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் சூடான பிளாஸ்டிசால் தெறிக்கும். தோலில் பட்டுவிட்டால் ஒட்டியதைப் பிய்க்காமல், ஓடும் குளிர்ந்த நீரில் வெகுநேரம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஒரே கோப்பையை ஆறவிட்டு ஆறவிட்டுத் திரும்பக் காய்ச்சும் வழக்கம் இருந்தால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் ஆவியாகிறது, கருகாமல் காக்கும் ஸ்டெபிலைசரும் தீர்ந்துகொண்டே வருகிறது. மறுகாய்ச்சல் சரக்கில் புதியதைப் பாதிக்குப் பாதி கலப்பது என் வழக்கம்.

அடுத்து முக்குவது. டியூபின் உழைப்பும் அசைவும் ஒன்றோடொன்று மோதுவது இங்கேதான், தீர்வும் இங்கேதான் இருக்கிறது. சுவர் முழுக்க ஒரே தடிமன் என்றால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். மூக்குக்கு ஏற்ற தடிமன் வால் இழையில் இருந்தால் அது அசையாது. இழைக்கு ஏற்ற மெல்லிய சுவர் மூக்கில் இருந்தால் ஜிக்கைத் தாங்காது. ஆகவே இரண்டு முறை, வெவ்வேறு ஆழத்தில் முக்குங்கள்.

முதல் முக்கு முழு நீளத்துக்கும். கம்பி குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்க வேண்டும். குமிழி சிக்காதபடி லேசாகச் சாய்த்து மெதுவாக இறக்கி, ஓரிரு வினாடி நிறுத்தி, ஒரே சீரான வேகத்தில் எடுங்கள். நடுவில் கை தடுமாறினால் அந்த இடத்தில் வளையம் போல ஒரு படி விழும், பிற்பாடு கிழிசல் தொடங்க அது போதும். பிளாஸ்டிக்கின் சூடு குறையக் குறைய அது கெட்டியாகிச் சுவர் தடிக்கும். கம்பி சூடேறினால் சுவர் மெலியும். ஒரே கம்பியை அடுத்தடுத்து முக்குகிறவர்களுக்கு முதல் டியூப் ஒரு மாதிரியும் கடைசி டியூப் வேறு மாதிரியும் வருவது இதனால்தான். ஏழெட்டுக் கம்பிகளைச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

இரண்டாவது முக்கு மூக்கிலிருந்து உடல் முடிந்து, கீறல் தொடங்கப்போகும் இடத்தையும் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வரை மட்டும். இந்த ஒரு சென்டிமீட்டரைக் குறைத்துவிடாதீர்கள். இழைகளின் அடி இரட்டைச் சுவரிலும், மீதி நீளம் ஒற்றைச் சுவரிலும் அமைவது இதனால்தான். அடியில் வலு, நுனியில் அசைவு. முதல் அடுக்கு பளபளப்பு அடங்கி, இளஞ்சூடாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். முழுக்க ஆறி எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பின் முக்கினால் அடுக்குகள் சரியாக ஒட்டாமல் பின்னால் தோல் உரிவது போலப் பிரியும். கோப்பைக்குள் அதிக நேரம் வைத்திருந்தால் முதல் அடுக்கே உருகி வழிந்துவிடும்.

எடுத்ததும் மூக்கு கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள். வழிகிற பிளாஸ்டிக் மூக்கில் சேர்ந்து தடிக்கும். தலைகீழாக நிறுத்தினால் மூக்கு மெலிந்து, சேர வேண்டிய சரக்கெல்லாம் வால் பக்கம் போய்விடும். 9 சென்டிமீட்டர் டியூபுக்கு மூக்கில் 4, 5 மில்லிமீட்டர் கட்டியாக இருப்பது எனக்குப் பிடித்த அளவு. அடியில் தொங்கும் சொட்டை ஆறியபின் கத்தரித்துவிடலாம்.

இவ்வளவும் சரியான பிறகும் மூக்கு போதவில்லை என்றால், இப்போது ஹார்டனரை எடுங்கள். ஆனால் இரண்டாவது முக்குக்கெனத் தனியாக வைத்த கோப்பையில் மட்டும். 5 சதவீதத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதல் அடுக்கு மென்மையாகவே இருக்கும், இழைகளின் அசைவு கெடாது.

உப்பும் மினுக்கும் பற்றி ஒரு வார்த்தை. இரண்டும் பிளாஸ்டிக்கோடு உருகிச் சேர்வதில்லை, உள்ளே தனியாகத்தான் நிற்கின்றன. சேர்க்கச் சேர்க்கச் சுவர் பலவீனமாகும். எடை வேண்டும் என்றால் ஜிக்கைக் கனமாக்குங்கள், பிளாஸ்டிக்கில் உப்பு வேண்டாம். மினுக்கு வேண்டுமென்றால் சூடு தாங்கும் பாலியஸ்டர் வகையில் சிட்டிகை அளவு, அதுவும் மெல்லிய துகளாக. சாதாரணக் கைவினை மினுக்கு சூட்டில் சாயம் விட்டுவிடும்.

கீறும் வேலையை அடுத்த நாளுக்கு வையுங்கள். புது பிளேடு. வால் முனையிலிருந்து உடலை நோக்கிக் கீறாதீர்கள், கை சறுக்கினால் வெட்டு உடலுக்குள் ஓடிவிடும். அடியில் முனையைக் குத்தி, வெளிப்பக்கமாக இழுங்கள். எல்லாக் கீறலும் ஒரே வட்டத்தில் தொடங்கினால் அங்கே சுற்றி ஒரு பலவீனமான வளையம் உருவாகிறது. ஒன்றுவிட்டு ஒன்று 2, 3 மில்லிமீட்டர் முன்பின்னாக வைத்தால் இழுவை பரவிப்போகும். ரொம்ப மெல்லிய இழைகளுக்கு ஆசைப்பட வேண்டாம்.

ஜிக்கை உள்ளே செருகும் முறையிலும் நிறைய டியூப்கள் வீணாகின்றன. ஜிக் தலையை நீரிலோ இரைக்கான எண்ணெயிலோ நனைத்து வழுக்கவிட்டு, மூக்கின் உட்பக்கம் முட்டும் வரை தள்ளுங்கள். நரம்பு வளையம் சுவரைத் தானே குத்திக்கொண்டு வரட்டும், பிளேடால் வழி வெட்டிக்கொடுக்காதீர்கள். குத்திய துளை வளையத்தை இறுக்கிப் பிடிக்கும், வெட்டிய துளை விரியும். எண்ணெய் வேண்டாம், நீர் போதும் என்று வேலையை முடித்தால், துடைத்துவிட்டு வளையத்தின் அடியில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைக்கலாம். மென்பிளாஸ்டிக்கில் அது நன்றாகவே பிடிக்கும், ஜிக் உள்ளே ஆடாது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பசை நிற்காது.

எந்த மாற்றம் பலன் தருகிறது என்று தெரிய, ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் ஒரு டியூபை ஒதுக்கி, ஒரு நாள் கழித்துக் கையால் இழுத்து அறுத்துப் பாருங்கள். நீளாமலே அறுந்தால் காய்ச்சல் போதவில்லை. நன்றாக நீண்டு, இழையின் அடியில் அறுந்தால் இரண்டாவது முக்கின் ஆழமோ கீறலோ காரணம். அறுந்த இடத்தில் ஊசிமுனைக் குழி தெரிந்தால் குமிழி. அடுக்காகப் பிரிந்தால் இரண்டாவது முக்கு தாமதம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

செய்து முடித்த டியூப்களை பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பைகளில் நேராகப் படுக்க வையுங்கள். கெட்டிப் பிளாஸ்டிக் இரைகளோடும், டிபிஇ (ரப்பர் போல நீளும் வேறு வகை பிளாஸ்டிக்) மென் இரைகளோடும் சேர்த்து வைத்தால் பிளாஸ்டிசைசர் இறங்கி இரண்டும் இளகிப் பிசினாகிவிடும். கிழிந்தவற்றை நீரில் போடாமல் எடுத்து வாருங்கள், மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கிவிடும். பிவிசி டியூப் என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் கழுவி, முழுக்க உலரவைத்து, அடுத்த மறுகாய்ச்சலுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.