சின்ன தொண்டு நிறுவனத்துக்கு ஓர் அறக்கட்டளையின் ஒரு வருட ஆதரவு உண்மையில் உதவுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. பத்துப் பேர் வேலை செய்யும் உங்கள் தொண்டு நிறுவனத்தை ஓர் அறக்கட்டளை ஒரு வருடத் திட்டத்துக்கு அழைத்திருக்கிறது. வட்டார அளவில் இயங்கும் சின்ன அமைப்புகளுக்குப் பணமும், அவற்றை நடத்துபவர்களுக்குப் பயிற்சியும் தருவார்களாம். சேர்ந்தால் உருப்படியாக ஏதாவது நடக்குமா, இல்லை கூட்டம் கூட்டமாகப் போய்வந்ததுதான் மிச்சமாகுமா என்று கேட்கிறீர்கள். அதோடு, விண்ணப்பத்தில் ‘தலைவரின் மாதச் சம்பளம்’ என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் தரப்போவது எந்த மாதிரிப் பணம் என்று முதலில் கேளுங்கள். இன்ன செலவுக்கு இவ்வளவு என்று தலைப்பு போட்டுக் கட்டிவைத்த பணமா, உங்கள் தேவை உங்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடும் பணமா? அந்த வருடம் பயன்படுமா, அலைச்சலில் போகுமா என்பது இதை வைத்துத்தான். பயிற்சி, வழிகாட்டி, சான்றிதழ் எல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். நாங்கள் 11 பேர். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் வீட்டுக்கே போய் உட்காரவும் நிற்கவும் பழக்குகிறோம், கரண்டியைப் பிடித்து வாய் வரை கொண்டுபோகச் சொல்லித்தருகிறோம், அதையே அந்தத் தாய்மார்களுக்கும் கற்றுக்கொடுக்கிறோம். இதைத் தொடங்கியவரை எல்லோரும் அக்கா என்போம். எங்களுக்கு நான்கு இடங்களிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. ஒருவர் களப்பணியாளர்களின் பயணச் செலவுக்குத் தருவார், ஒருவர் நடைக்கருவி வாங்க, ஒருவர் பயிற்சிப் பொருட்களுக்கு, இன்னொருவர் தாய்மார் கூட்டத்துக்கு. வாடகை, மின்கட்டணம், கணக்கு எழுதுபவரின் சம்பளம், ஆடிட்டர் கட்டணம் இவை யாருடைய தலைப்பிலும் வராது. கேட்டால் “அது நிர்வாகச் செலவாச்சே” என்பார்கள். ஏதோ நாங்கள் எடுத்துச் சாப்பிடப்போகிற பணம் போல.

அந்த நிலையில்தான் ஓர் அறக்கட்டளை எங்களையும் சேர்த்து 14 சின்ன அமைப்புகளை ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொண்டது. ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு வழிகாட்டி. எங்களுக்கு வந்தவர் வெகுகாலம் கணக்குத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. முதல் நாள் எங்கள் வேலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். சம்பளப் பதிவேட்டையும் நன்கொடைப் பதிவேட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, ஒரு அடிக்கோலால் வரிவரியாக இறங்கிக்கொண்டே வந்தார். பிறகு அடிக்கோலை நிறுத்திவிட்டு, “மாசாமாசம் அஞ்சாம் தேதி ஒரே தொகை வருதே, இது யாரு?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். “நான்தாம்மா” என்றார்.

ஏழு வருடமாக அவர் சம்பளத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் பெரும்பகுதியை நன்கொடையாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார். வாடகையும் கணக்கரின் சம்பளமும் அதில்தான் போயிருக்கின்றன. அந்த ரசீதுகளில் பாதி என் கையால் எழுதியவை. ‘நலம்விரும்பி என்று போடு’ என்பார், போட்டிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. அந்த அறையில் நின்றிருந்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இது எங்கள் அக்கா ஒருத்தியின் கதை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த 14 அமைப்புகளில் இன்னும் சிலர் இதே காரியத்தை வேறு வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தார்கள். 2009இல் ஆன் காகின்ஸ் கிரிகோரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைப் பார்த்துவிட்டு இதற்குப் ‘பட்டினிச் சுழற்சி’ என்று பேர் வைத்தார்கள். பணம் தருபவர்கள் நிர்வாகச் செலவு குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அவர்களை இழந்துவிடக் கூடாது என்று நாம் உள்ளதைக் குறைத்துக் காட்டுகிறோம். அதைப் பார்த்துவிட்டு, ‘பார், இவ்வளவில் நடத்த முடிகிறதே’ என்று அவர்கள் அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். கடைசியில் நைந்துபோன கணினியும், பாதியில் வேலையை விட்டுப் போகும் ஆட்களும்தான் மிச்சம். 2013இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டுச் சொல்லும் மூன்று பெரிய அமைப்புகளே ஒன்றாகச் சேர்ந்து, நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதின. அந்த விகிதத்தை வைத்தே எடைபோடப் பழகியிருந்த உலகத்தில் அவர்களே வந்து இதைச் சொன்னது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒருவர் கட்டாயம் வருவார், ‘அப்போ கணக்கே கேட்கக் கூடாதா, தின்று தீர்க்கவா’ என்று. கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள். அந்த அம்மா கேட்ட அளவுக்கு எங்களை எந்த ஆடிட்டரும் கேட்டதில்லை, ஒரு வவுச்சர் விடாமல் பார்த்தார். நான் சொல்வது, எங்கே செலவு செய்வது என்ற முடிவை வேலை செய்பவர்களிடம் விடுங்கள், செய்த பிறகு கணக்கைக் கேளுங்கள் என்பதுதான். அமெரிக்கப் பெரும் பணக்காரரான மெக்கன்சி ஸ்காட் 2020 கடைசியில் 384 அமைப்புகளுக்கு 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார், எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போடவில்லை. அப்போதும் ‘இவ்வளவையும் தாங்குவார்களா, பாழாக்கிவிடுவார்கள்’ என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் அந்த அமைப்புகளை அலசிப் பார்த்துத்தான் அவருடைய ஆட்கள் தேர்ந்தெடுத்தார்கள். அலசுவதெல்லாம் முன்னாலேயே முடிந்துவிட்டது, அதன்பிறகு கழுத்தைப் பிடிப்பதில்லை.

எங்கள் அறக்கட்டளை அவ்வளவு பெரியது இல்லை. ஆனால் வழி அதுதான். பாதிப் பணத்தை ஆரம்பத்திலேயே தலைப்பு எதுவும் போடாமல் கொடுத்தார்கள். காலாண்டு அறிக்கை கிடையாது, வருடத்துக்கு இரண்டு. முதல் அறிக்கைக்குத் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினோம், அதை அவர்களே எழுதி எங்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார்கள். அறிக்கை எழுதுவதற்காகவே மாதத்தில் நாலு நாள் ராத்திரி உட்கார்ந்திருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வந்த பணத்தில் முதல் வேலையாக வாடகைப் பாக்கியைக் கட்டினோம். அடுத்தது அக்காவின் சம்பளம், இந்த முறை திருப்பி வாங்காமல்.

அந்தத் திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது, தலைவருக்கு ஒரு மாத ஓய்வு. சம்பளத்தோடு விடுமுறை, அந்த மாதம் அலுவலகப் பக்கமே வரக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸில் டர்ஃபி அறக்கட்டளை 1997இலிருந்து தொண்டு நிறுவனத் தலைவர்களுக்கு இப்படி மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்துவருகிறது, அதைப் பார்த்துத்தான் இவர்களும் சின்ன அளவில் தொடங்கியதாகச் சொன்னார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. ‘குழந்தைங்க என்ன ஆகும்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களுக்கும் உள்ளூரப் பயம்தான்.

நினைத்தது போலவே ஒன்பதாம் நாள் மாட்டிக்கொண்டோம். களப்பணியாளர்களுக்குச் சம்பளம் போட வேண்டும், காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் அக்கா. கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்கக்கூட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அவர் இல்லாமல் ஒரு மாதம் வரும் என்று யாரும் நினைத்ததே இல்லை. காசோலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி. கதவைத் திறந்தவர் முகத்தில் தூக்கக் கலக்கம். அத்தனை வருடத்தில் அந்த நேரத்துக்கு அவர் தூங்கி எழுந்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லேன்னாக்கூட இன்னிக்கு எனக்குச் சொல்லாத” என்றார். வெளியே வந்து சாலை ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அக்கா திரும்பி வந்ததும் மூன்று பேர் கையெழுத்து, அதில் எந்த இரண்டு பேரும் போதும் என்று வங்கியில் மாற்றினோம். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் 11 பேர் சம்பளமும் நின்றிருக்கும். ஓய்வு கொடுத்திருக்காவிட்டால் எங்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

பயிற்சிக் கூட்டங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வருடத்தில் நான்கு, ஒவ்வொன்றும் மூன்று நாள். தொலைநோக்கு அறிக்கை எழுதும் வகுப்பில் இரண்டு நாள் போனது, அதில் எழுதியதை அப்புறம் நான் எடுத்தே பார்க்கவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் உட்கார்ந்து பேசியதில் ஒன்று கிடைத்தது. எங்களைப் போலவே இன்னும் இரண்டு அமைப்புகளாலும் முழுநேரக் கணக்கர் வைத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று பேரும் சேர்ந்து ஒருவரை வைத்தோம், வாரத்தில் இரண்டு நாள் வீதம் ஒவ்வோர் அமைப்புக்கும். இப்போதும் அவர்தான் எங்களுக்கு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னாலும் பரவாயில்லை. எங்கேயாவது ஒரு பேரிடர் நடந்தால் போதும், மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்து எங்கள் வாசலில் இறங்கும். நல்ல துணி கொடுப்பவர்களைச் சொல்லவில்லை, அவர்களை நாங்கள் மறப்பதில்லை. ஆனால் கிழிந்த உள்ளாடை, ஒற்றைச் செருப்பு, தேதி தாண்டிய மருந்து! ஒருமுறை மூட்டைக்குள் ஈரம் காயாத துண்டு இருந்து மற்ற துணி எல்லாம் பூசணம் பிடித்துப்போயிருந்தது. இரண்டு களப்பணியாளர்கள் இரண்டு நாள் குழந்தைகளின் வீட்டுக்குப் போகாமல் அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்ததில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போனது, குப்பை ஏற்றிய வண்டிக்கும் நாங்கள்தான் பணம் கொடுத்தோம். கொண்டுவந்து இறக்கியவர்கள் மூட்டையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள், வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து உங்கள் கையால் கொடுக்க முடிகிற பொருளா என்று. இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேருவதற்கு முன்னால் அவர்களிடம் நேராகவே கேளுங்கள். இந்தப் பணத்தில் சம்பளமும் வாடகையும் கொடுக்கலாமா? அறிக்கை எத்தனை, யார் எழுதுவது? நான் கூட்டத்துக்கு வரும் நாட்களில் என் வேலையைப் பார்க்கும் ஆளுக்குச் செலவு தருவீர்களா? குழந்தைகளின் படம் கட்டாயமா? எங்களிடம் கேட்டார்கள், சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படம். முடியாது என்றோம், ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். முடியாது என்று சொன்னதற்காக அதற்கு முன்னால் ஒரு நன்கொடையாளரை இழந்திருக்கிறோம், ஆகவே இது எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

முக்கியமாகப் பதின்மூன்றாவது மாதம் என்ன ஆகும் என்று கேளுங்கள். எங்களுக்கு அதில்தான் அடி விழுந்தது. வருடம் முடிந்த மறுமாதமே பணம் நின்றது. ஒரு அமைப்பைத் தூக்கி நிறுத்த ஒரு வருடம் போதாது. அந்த அறக்கட்டளை மேல் எனக்கு நன்றி நிறைய இருக்கிறது, ஆனாலும் இதை அவர்களிடமும் சொன்னேன், எழுத்திலும் கொடுத்தேன். அந்த வருடம் கூட்டிய சம்பளத்தைக் குறைக்க முடியுமா? வேலை செய்பவர்கள் வீட்டில் போய் என்ன சொல்வார்கள்? மூன்று மாதம் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவைத்திருந்ததால் தப்பித்தோம், அதையும் அந்தக் கணக்கு அம்மாதான் ஆரம்பத்திலேயே பிடிவாதமாக ஒதுக்கவைத்தார். நீங்களும் முதல் மாதத்திலிருந்தே ஒதுக்குங்கள், அப்படி ஒதுக்க அனுமதி உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பழைய நான்கு பேரில் இரண்டு பேரிடம் உண்மையான செலவைப் போட்டே அடுத்த ப்ரபோசல் கொடுத்தோம். ஒருவர் ஏற்றுக்கொண்டார், ஒருவர் விலகிவிட்டார்.

அந்தச் சம்பள இடம். பூஜ்ஜியம் போடாதீர்கள், ‘சேவை அடிப்படையில்’ என்றும் எழுதாதீர்கள். நாளைக்கு நீங்கள் விலகினால் அந்த வேலைக்கு வேறொருவரை எந்தச் சம்பளத்துக்கு வைக்க முடியுமோ, அந்தத் தொகையை எழுதுங்கள். இப்போது வாங்குவது அதைவிடக் குறைவு என்றால் இரண்டையும் எழுதி, வித்தியாசத்தை யார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கீழே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.