பழுதும் புதுசும்

அன்புள்ள அண்ணனுக்கு,

குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். ராத்திரியில் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு, பகலில் வீட்டு மாடியில் சின்ன ஸ்டூடியோ. அம்மன் பாட்டு, கட்சிப் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி என்று எது வந்தாலும் செய்வேன். எட்டு வருஷமாகப் பாட்டு பதிய ஒரே சாஃப்ட்வேர்தான். கிராக் போடாமல் காசு கொடுத்து வாங்கியது. பெயர் சொன்னால் உடனே சண்டைக்கு ஆள் வருவார்கள், அதனால் வேண்டாம்.

பிரச்சினை இதுதான். நாகஸ்வரம், கிளாரினெட் சாம்பிள்களுக்குக் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவைக் கொடுக்க பிட்ச் வீலில் (கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரம்) வாசித்து, அப்புறம் திரையில் விழும் வளைவுக் கோட்டை மவுஸால் பொறுமையாகச் சரிசெய்வேன். பல்லவியை எடுத்து எட்டு பார் (தாளக் கட்டம்) தள்ளி வைத்தால் ஸ்வரங்கள் மட்டும் போகின்றன, வளைவுக் கோடு பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. மூன்று வருஷமாகக் கம்பெனிக்குப் புகார் சொல்கிறேன். "கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்பதே பதில். போன தீபாவளிக்கு முன்பே, அடுத்த பெரிய வெர்ஷனில் எல்லாம் சரியாகிவிடும், விரைவில் வருகிறது என்றார்கள். அதற்காக 18,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தேன். நடுவில் இப்போதைய வெர்ஷனுக்குத் தள்ளுபடி வந்தது, வாங்கவில்லை, வாங்கிய மறுவாரமே புதுசு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வந்ததெல்லாம் சின்ன அப்டேட்டுகள். ஒன்றில் திரையின் நிறம் மாறியது. இன்னொன்றில் டிஜேக்களுக்கு முப்பது புதுச் சத்தம். கிராக் போட்டு ஓட்டும் என் நண்பன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

வைகாசி 1 எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்குள் ஐந்து பாட்டு முடிக்க வேண்டும். வேறு சாஃப்ட்வேருக்குப் போய்விடவா, இன்னும் காத்திருக்கவா? இவர்கள் ஏன் ஒரு தேதி சொல்லமாட்டேன் என்கிறார்கள்?

இப்படிக்கு,
உங்கள் வாசகன் (பெயர் போட வேண்டாம் அண்ணே)

*

அன்புள்ள தம்பி,

முதலில் சிரசு. ஐந்து பாட்டு கையில் இருக்கும்போது சாஃப்ட்வேரை மாற்றாதீர்கள். புதிதில் ஷார்ட்கட் பழகவே பாதி நாள் போகும், மீதிப் பாதி பழைய பிளக்-இன் (உள்ளே சேர்க்கும் துணைப் புரோகிராம்) ஏன் திறக்கவில்லை என்று தேடுவதில் போகும். கமகம் சரியாக அமைந்த ட்ராக்கை அந்த இடத்தில் வைத்தே ஆடியோவாக மாற்றிவிட்டு அப்புறம் நகர்த்துங்கள். ஆடியோவில் வளைவு ஒலிக்குள்ளேயே இருப்பதால் எங்கே கொண்டுபோனாலும் கூடவே வரும். ஸ்வரக் குறிப்புகள் இருக்கும் மிடி ட்ராக்கை மட்டும் அழிக்க வேண்டாம், மியூட் செய்து கீழே ஓரமாக வையுங்கள். பாடுகிறவர் கடைசி நாள் வந்து அரைக்கட்டை இறக்கச் சொல்வார், நிச்சயம் சொல்வார்.

இன்னொன்று. கிளிப்பை நகர்த்தும்போது ஆட்டோமேஷனும் (அந்த வளைவு மாதிரியான கோடுகள்) சேர்ந்து நகரட்டும் என்று செட்டிங்கில் ஒரு டிக் பல சாஃப்ட்வேர்களில் உண்டு. பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் இப்போதே பாருங்கள். மூன்று வருஷம் திட்டித் தீர்த்த பிறகு அது அங்கேயே இருந்தது என்று தெரிந்தால் எனக்கு எழுத வேண்டாம், நமக்குள் அந்த சங்கடம் வேண்டாம்.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அந்தக் கோடு ஏன் பின்தங்கி நிற்கிறது என்பது சுவாரசியமான விஷயம், அதில் நம் சங்கீதத்தின் கதையும் கொஞ்சம் இருக்கிறது. மிடி, அதாவது மின் வாத்தியங்களும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறை, 1983-இல் வந்தது. அதை யோசித்தவர்களின் மனதில் இருந்தது கீபோர்டு. ஒரு விசையை அமுக்கினாய், இவ்வளவு வேகத்தில் அமுக்கினாய், விட்டாய், அவ்வளவுதான் ஒரு ஸ்வரத்தின் வாழ்க்கை. பிட்ச் வீல் அனுப்பும் செய்தி வேறு. அது எந்த ஸ்வரத்துக்கும் சொந்தமில்லை, மொத்த சேனலுக்கும் பொது. ஒரே சேனலில் நான்கு ஸ்வரம் ஒலிக்கும்போது வீலைத் திருப்பினால் நான்கும் சேர்ந்து வளையும், நீங்களே செய்து பார்த்திருப்பீர்கள். ஆக, சாஃப்ட்வேர் எழுதியவர்கள் ஸ்வரத்தை ஒரு பெட்டியிலும் வளைவை இன்னொரு பெட்டியிலும் வைத்தார்கள், வால்யூம் கோடு, சத்தத்தை இடம் வலம் தள்ளும் பேன் கோடு மாதிரி. அவர்கள் காதுக்கு வளைவு என்பது மேலே போடும் அலங்காரம். நமக்கு அப்படியா? தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்திப் பாருங்கள், அங்கே தோடியே இருக்காது. வளைவைத் தனியாகக் கழற்றி எடுத்தால் மிச்சம் இருப்பது ராகத்தின் எலும்புதான்.

இந்தக் குறை அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் கொடுத்து தனித்தனியாக வளைக்கும் எம்பிஇ என்ற ஏற்பாடு 2018-இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. ஸ்வரத்தோடேயே வளைவைக் கட்டிப்போடும் மிடி 2.0 வந்தது 2020-இல். ஏபிள்டன் லைவ் என்ற இசை சாஃப்ட்வேரில் எம்பிஇ சேர்ந்தது 11-ஆம் வெர்ஷனில், 2021. பன்னிரண்டு சமமான அரைச்சுரங்களை விட்டு வேறு சுருதி அமைப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி அதற்கு அடுத்த வெர்ஷனில், 2024. 1983-இல் இருந்து கணக்குப் போடுங்கள். நீங்கள் மூன்று வருஷம் என்கிறீர்கள்.

இதைச் சொல்லி உங்களை ஆறுதல்படுத்தப் பார்க்கவில்லை. நீங்கள் இரண்டு விதமான காத்திருப்பை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறீர்கள், அந்த மூட்டையைக் கட்டிக் கொடுத்தது அந்த நிறுவனம் என்பதுதான் என் சந்தேகம். புது வசதி வேண்டும் என்று காத்திருப்பது ஒன்று. காசு வாங்கிக்கொண்டு விற்ற பொருளில் இருக்கும் பழுது நீங்க வேண்டும் என்று காத்திருப்பது வேறு. புதுசை அவர்கள் நமக்குக் கடன்பட்டிருக்கவில்லை, கொடுத்தால் வாங்குவோம், இல்லாவிட்டால் போகிறது. பழுது கடன்தான். அதை அடுத்த பெரிய வெர்ஷனில் வைத்து, அதற்கும் ஒரு விலை போட்டு விற்பது என்ன நியாயம்? தையல்காரர் கை நீளமாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த சட்டை என்னிடமே தையுங்கள், அதில் சரியாக இருக்கும் என்று சொன்னால் லாங் பஜாரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் உங்கள் நண்பர் சிரித்தால் சிரிக்கட்டும். அவர் எதுவும் கொடுக்கவில்லை, எதையும் எதிர்பார்க்கவில்லை, அந்த நிம்மதி அப்படி வந்தது. நீங்கள் லைசென்ஸோடு கோபப்படும் உரிமையையும் சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

ஆனால் அந்த 18,000 விஷயத்தில் நீங்கள் தவறு. நம் பக்கம் பாரதக் கூத்துக்கு ஜமா, அதாவது கூத்துக் குழு, பேசப் போனால் தாம்பூலத்தோடு அட்வான்ஸ் வைக்கிறோம், வாத்தியார் தேதியைச் சொல்லித்தான் அதைக் கையில் எடுப்பார். அன்றைக்கு ஜமா வரவில்லை என்றால் ஊரே கேட்கும். உங்கள் தாம்பூலம் இன்னும் உங்கள் மடியிலேயே இருக்கிறது. கொடுக்காத அட்வான்ஸுக்குத் தேதி கேட்கிறீர்கள், அதுவும் போதாதென்று அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடாமல் பூட்டி வைத்துக்கொண்டு வந்த தள்ளுபடியையும் விட்டிருக்கிறீர்கள். புது வெர்ஷன் வெளிவரும் முன் சில வாரங்களுக்குள் வாங்கியவர்களுக்கு புதியதை இலவசமாகவே கொடுப்பது பல நிறுவனங்களில் வழக்கம். எத்தனை நாள் என்பதை வாங்கும் முன் படித்துவிட்டால் நீங்கள் பயந்த பயத்தில் பாதி தேவைப்படாது.

ஏன் தேதி சொல்வதில்லை? சொன்னால் அன்றிலிருந்து இப்போதைய வெர்ஷனை யாரும் வாங்கமாட்டார்கள், நீங்களே வாங்கவில்லையே. சொல்லிவிட்டுத் தவறினால் திட்டு இன்னும் இரண்டு மடங்கு. இது வியாபாரக் காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அது நம் கண்ணுக்குத் தெரியாதது. ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களில் 2019-இல் பழைய 32 பிட் வகைப் புரோகிராம்களை மொத்தமாக நிறுத்தியது, அடுத்த வருஷமே சிப்பை மாற்றத் தொடங்கியது. இப்படி அடியில் தரை நகரும்போதெல்லாம் பழைய பாட்டு பழையபடி திறந்தாலே போதும் என்று மாதக்கணக்கில் வேலை நடக்கிறது, அது முடிந்து வந்தால் நாம் "புதுசா ஒண்ணும் இல்லையே" என்கிறோம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். திரையின் நிறம் மாற்றியதற்கு மட்டும் என்னிடம் நியாயம் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2010 வாக்கில் வேலப்பாடியில் ஒரு மாடியறை, சுவரெல்லாம் முட்டை அட்டை, ரெக்கார்டிங் நேரத்தில் ஃபேனை நிறுத்த வேண்டும், வேலூர் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது நான் வைத்திருந்தது 32 பிட் சாஃப்ட்வேர். அப்படிப்பட்ட புரோகிராமுக்கு விண்டோஸ் ஒதுக்கும் இடம் சாதாரணமாக 2 ஜிபிதான், வயலின் கூட்டம் ஒன்றை ஏற்றி மேலே கோரஸும் போட்டால் அப்படியே படுத்துவிடும். 64 பிட் வெர்ஷன் வருகிறது, விரைவில், விரைவில் என்றார்கள். அந்த ஆடிக்கு அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பம்பை, உடுக்கை கோஷ்டி வந்து அம்மன் பாட்டு பதியக் கேட்டது. நான் பெரிய மனுஷன் மாதிரி, புது வெர்ஷன் வரட்டும், நல்லா செய்யலாம் என்று அனுப்பி வைத்தேன். பெரியவர் "இன்னாப்பா, எங்க பம்பைக்கு என்னா வெர்ஷன் வேணும்" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர்கள் வேறொரு இடத்தில், என்னுடையதைவிடப் பழைய கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டார்கள். அந்த ஆடியில் எங்கள் தெரு ஒலிபெருக்கியிலேயே அதைக் கேட்டேன். பதிவு மோசம், பம்பை அடி எல்லாம் உடைந்து கேட்டது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குத்தான் ஆசை, தெருவில் யாருக்கும் அது பொருட்டாகத் தெரியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 64 பிட் வெர்ஷன் ஒருவழியாக வந்தது. வாங்கிப் போட்டேன். என் சவுண்ட் கார்டுக்கு 64 பிட் டிரைவரே (கார்டை இயக்கும் புரோகிராம்) கிடையாது, அதைச் செய்த கம்பெனி அந்த மாடலைக் கைகழுவி விட்டிருந்தது. சரி, புது சவுண்ட் கார்டு. பழைய பிளக்-இன்கள் பாதி 32 பிட், அதற்கு நடுவில் ஒரு பாலம் போடும் புரோகிராம் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அடிக்கடி முறிந்துவிழும். ஒரு அப்கிரேடுக்கு மூன்று விலை கொடுத்தேன். இப்போது பெரிய வெர்ஷன் எது வந்தாலும் முதல் இரண்டு திருத்தங்கள் வந்து ஓயும் வரை நான் தொடுவதில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து, வந்த பிறகு நாமே இன்னும் மூன்று மாதம் காத்திருப்பது. பைத்தியக்காரத்தனம்தான், வேறு வழி தெரியவில்லை.

மாறிவிடலாமா என்று கேட்டீர்கள். சிரசுக்கு அப்புறம் மாறலாம், ஆனால் வாக்குறுதியைப் பார்த்து மாறாதீர்கள். ரீசன் என்ற இசை சாஃப்ட்வேர் 2000-இல் வந்தது, மற்றவர்கள் செய்த விஎஸ்டி வகைப் பிளக்-இன்களை அதற்குள் திறக்க முடிந்தது 2017-இல். ரீசன் வந்த வருஷம் பிறந்த பிள்ளை அதற்குள் பிளஸ் டூ. கேக்வாக் என்ற கம்பெனி தன் இசை சாஃப்ட்வேரை 2016-இல் வாழ்நாள் அப்டேட் என்று விற்றது, 2017 நவம்பரில் அதன் முதலாளியான கிப்சன் நிறுவனம் கடையையே மூடியது. வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள் என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். 2018-இல் பேண்ட்லேப் என்ற கம்பெனி அந்த சாஃப்ட்வேரை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது, காசு கட்டியவர்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்! மறுபக்கம் எஃப்எல் ஸ்டூடியோ ஒருமுறை வாங்கினால் எல்லா வெர்ஷனும் இலவசம் என்ற பேச்சை இத்தனை வருஷமாகக் காப்பாற்றுகிறது, ரீப்பர் என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் ஒரு லைசென்ஸ் இரண்டு பெரிய வெர்ஷனுக்குச் செல்லும், தனியாள் விலை 60 டாலர். ரீப்பரை வாங்காமலே இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள், உங்கள் பல்லவியை எட்டு பார் நகர்த்திப் பாருங்கள், வளைவு கூட வருகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்றைக்கு அதில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

கடைசியாக அந்தப் புகார். மூன்று வருஷமாக என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நம் ஆட்கள் எழுதும் புகார்களைப் பார்த்திருக்கிறேன், கமகம் என்றால் என்ன, அது எத்தனை வகை, மேல்நாட்டுக்காரனுக்கு இது புரியாது என்று ஒரு பக்கம் போகும், பழுது கடைசி வரியில் இருக்கும். படிக்கிறவர் காலையில் நாற்பது புகார் பார்ப்பவர். ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ஒரே ட்ராக், ஒரே ஸ்வரம், ஒரே வளைவு உள்ள ஒரு ப்ராஜெக்ட் செய்யுங்கள். நகர்த்துவதற்கு முன் ஒரு படம், நகர்த்திய பின் ஒரு படம். வெர்ஷன் எண், விண்டோஸ் எண். சிரசு முடிந்து தூங்கி எழுந்த பிறகு அதை எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்தில் எட்டு வரி நான் எழுதித் தருகிறேன், உங்கள் பெயரிலேயே போகட்டும். அந்த ஐந்து பாட்டில் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், ஆடியோவாக மாற்றினது போதும்.

அன்புடன்,
அண்ணன்