திண்ணையில் மாறிய பேச்சு: அமைதிப்படைக் காலத்தைப் பற்றி ஒரு பதில்

"மக்களுக்குப் பிடிக்காத போர் ஒன்று நடக்கும்போது உள்நாட்டில் பொதுக்கருத்து எந்தக் கட்டத்தில் அரசுக்கு எதிராகத் திரும்புகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் நடையைப் பார்த்தால் நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் உங்களுக்கு வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று 1965 ஆகஸ்டில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் சொன்ன அமெரிக்கர்கள் 100-க்கு 24 பேர். 1971 மே மாதத்தில் அது 61 ஆகிவிட்டது. தொடக்கத்தில் நேரும் சாவுகள் ஆதரவை வேகமாகக் கரைக்கும், பிறகு எத்தனை பேர் செத்தாலும் மெதுவாகத்தான் கரையும், ஏனென்றால் எளிதில் மனம் மாறக்கூடியவர்கள் முதலிலேயே மாறிவிட்டிருப்பார்கள் என்று ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் கொரியா, வியட்நாம் ஆகிய இரண்டு போர்களின் கணிப்புகளையும் வைத்து விளக்கினார். தேர்வுக்கு இது போதும்.

ஆனால் "திரும்புகிறது" என்று நீங்கள் எழுதிய சொல்லில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி ஒரே பக்கம் திரும்புவதாக அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. நான் பார்த்த ஒரு போரில் அப்படி நடக்கவில்லை. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதி காக்கும் படை இலங்கையில் இருந்தபோது என் அண்ணன் அங்கே ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இதைப் படித்துவிட்டு ஒரு சாரார் நான் ராணுவத்தை இழிவுபடுத்துவதாகவும், மறு சாரார் ஈழத் தமிழர் பட்ட துன்பத்தை மறைப்பதாகவும் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டும் என் நோக்கமில்லை. ஒரே ஒரு ஊரில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே, ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுபவர்கள் ஏறக்குறைய பாதி, தெலுங்கு பேசுபவர்கள் பாதி. சந்தையில் எல்லோரும் இரண்டையும் பேசுவார்கள். இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பும் வழக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. என் நைனா ஊர்க் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்டார். அஞ்சலகம் என்பது எங்கள் வீட்டுத் திண்ணையும், ஒரு மரப்பெட்டியும், ஒரு தேதி முத்திரையும்தான். '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சல் முகவரியிலிருந்து வரும் கடிதங்களும் மணியார்டர்களும் எங்கள் திண்ணைக்கு வந்துதான் ஊருக்குள் போகும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நைனாவே கடிதத்தை வாசித்துக் காட்டுவார். அடுத்தவர் கடிதத்தை எப்படிப் படிக்கலாம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அன்றைக்கு அவர்களே உறையைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்கள்.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டபோது திண்ணையில் தமிழ்க்காரர்கள் சர்க்கரை வழங்கினார்கள். தெலுங்குக்காரர்கள் சர்க்கரையை வாங்கிக்கொண்டு, "அரவவாள்ள கொடவ, மனகெந்துக்கு?" என்று சிரித்தார்கள், தமிழர்கள் சண்டை, நமக்கு எதற்கு என்பது அதன் பொருள். ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். விடுமுறையில் வந்திருந்த அண்ணனுக்கு உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்தது. காட்பாடியில் ரயில் ஏற்றிவிடப் பத்துப் பேருக்கு மேல் போனோம். அமைதிப்படை என்ற பெயரில் இருந்த அமைதியை அன்று எல்லோரும் நம்பினோம், நான் உட்பட.

அக்டோபர் 10 அன்று படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. சில நாள்களில் பிடித்துவிடலாம் என்று எண்ணிய யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படையினர் ஏறக்குறைய எல்லோருமே கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படை சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் இறந்தார்கள். எங்கள் திண்ணைக்கு வேலூரிலிருந்து ஒரு தமிழ்த் தாளும், திருப்பதியிலிருந்து ஒரு தெலுங்குத் தாளும் வரும். தமிழ்த் தாளில் அங்கே செத்த தமிழர்களைப் பற்றிய செய்தி பெரிதாக இருந்தது. தெலுங்குத் தாளில் செத்த சிப்பாய்களைப் பற்றிய செய்தி பெரிதாக இருந்தது. இரண்டும் உண்மைதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு தாளைப் படித்துவிட்டு எழுந்தவர்களுக்கு இரண்டு வெவ்வேறு போர்கள் தெரிந்தன.

அந்த மாதத்தில் நான் முதலில் கவனித்த மாற்றம் யாரும் எதையும் எதிர்த்துப் பேசியது அன்று. அண்ணனைப் பற்றி விசாரிப்பதை ஊர் நிறுத்தியது. "பையன் லெட்டர் போட்டானா?" என்று தினமும் கேட்டவர்கள் முத்திரை குத்தும் வரை காத்திருந்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர்ப் பள்ளியின் தமிழாசிரியர் ஒருவர் மட்டும் வெளிப்படையாகக் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதமிருந்து இறந்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த மனிதர். "போஸ்ட்மாஸ்டரே, உங்க புள்ள அங்க யாரைச் சுடுறான்னு ஒரு கார்டு போட்டுக் கேளுங்க" என்றார். "நாளைக்கு எழுதறேன் சார்" என்று நைனா பதில் சொன்னார்.

நவம்பரில் அண்ணனின் கடிதம் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார, நைனா வாசித்தார்: நலம், மழை, பனைமரங்கள், நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் போன்ற தண்ணீர். ஓரிடத்தில் அவர் கண்கள் நின்றன. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். பிறகு நான் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "இங்கே கிழவிகள் எங்களைப் பார்த்துத் தமிழில் அழுகிறார்கள். என்கூட நிற்கிறவனுக்கு அது புரியாது, எனக்குப் புரிகிறது. அதனால் என்னைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள்" என்று எழுதியிருந்தார். ஊரில் யாருடைய கடிதத்திலும் ஒரு சொல்லைக்கூட விடாமல் வாசிப்பவர் என்று பெயரெடுத்த மனிதர், தன் பிள்ளையின் கடிதத்தில் மூன்று வரிகளை விட்டுவிட்டார். போர்க்காலத்தில் செய்தியைத் தணிக்கை செய்வது அரசு மட்டும்தான் என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு அந்தச் செருமல்தான் நினைவுக்கு வரும்.

அடுத்த ஆண்டு பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், தெலுங்கு வீட்டுப் பிள்ளை, அங்கே இறந்தான். வீட்டுக்கு வந்தது வெள்ளை எழுத்தில் பெயரெழுதிய அவனுடைய கறுப்புத் தகரப் பெட்டிதான். அதற்குள் மடித்த சட்டைகளுக்கு நடுவே, தங்கையின் கல்யாணத்துக்கென்று வாங்கிய ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. "மனகெந்துக்கு" என்று சிரித்தவர்கள் அன்றைக்குத்தான் கேட்டார்கள்: ஊரான் நாட்டுக்காக நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்? ஆனால் அவனைப் பெற்றவள் அந்தப் பேச்சைப் பொறுக்கவில்லை. வீண்சாவு என்று சொன்ன ஒருவரை வாசலைவிட்டுப் போகச் சொல்லிவிட்டாள். இழப்பு மிகுந்தால் எதிர்ப்பும் மிகும் என்று புத்தகத்தில் படிப்பது பொதுவாகச் சரியாக இருக்கலாம். இழந்த வீட்டுக்குள் பல நேரம் அது தலைகீழாக நடக்கும்.

ஆக 1988 முடிவதற்குள் எங்கள் ஊரில் எல்லோரும் "படையைத் திரும்பக் கூப்பிடு" என்ற ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பாதியினருக்குக் காரணம், படை அங்கே நம் இனத்தாரைக் கொல்கிறது. மறு பாதியினருக்குக் காரணம், யாரோ ஒருவருடைய இனத்துக்காக நம் படை சாகிறது. ஒருவர் காரணத்தை மற்றவர் கேட்டிருந்தால் கைகலப்பே நடந்திருக்கும். கருத்துக்கணிப்பு எடுப்பவர் ஒருவர் வந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில் குறித்துக்கொண்டு போயிருப்பார். நீங்கள் பாடத்தில் பார்க்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். 1968 மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயரில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில், போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி 100-க்கு 42 வாக்குகள் வாங்கித் தன் கட்சி அதிபர் ஜான்சனையே அதிரவைத்தார். அந்த வாக்காளர்களைப் பிறகு ஆராய்ந்தபோது, ஜான்சன் போதிய வேகத்துடன் போரை நடத்தவில்லை என்ற கோபத்தில் போட்டவர்களே அவர்களில் மிகுதி என்று தெரிந்தது. முதலில் சொன்ன கேலப் கணிப்பின் 61 என்ற எண்ணுக்குள்ளும் இப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: போரை வெறுப்பவர்கள் அதற்காகவே வாக்களிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 1989 ஜூனில் இலங்கையின் புதிய அதிபர் பிரேமதாசாவே படை வெளியேற வேண்டும் என்று கேட்டுவிட்டார். தமிழ்நாட்டில் படைக்கு எதிரான பேச்சு உச்சத்தில் இருந்தது. அந்த நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் படையை அனுப்பிய காங்கிரசும் அதன் கூட்டாளியான அ.தி.மு.க.வும் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38-ஐப் பிடித்தன. படையைக் கடுமையாக எதிர்த்த தி.மு.க.வுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆந்திரத்திலும் 42 இடங்களில் 39 காங்கிரசுக்கே போயின. எங்கள் திண்ணையில் படையைத் திட்டியவர்கள் என்.டி.ஆர். ஆட்சிமேல் இருந்த சலிப்பில் கைச் சின்னத்தில் குத்திவிட்டு வந்து, மறுபடியும் படையைத் திட்டினார்கள். அமெரிக்கர்களும் வியட்நாம் போர் முடியாதபோதே, 1972-இல், பதவியிலிருந்த அதிபர் நிக்சனுக்கு 49 மாநிலங்களைக் கொடுத்தார்கள். இதில் முரண்பாடு காண்பவர்கள் ஒரு முறையேனும் குடும்ப அட்டையும் கிணற்று மோட்டாரும் வைத்துக்கொண்டு வாக்களித்துப் பார்க்க வேண்டும்.

1,100-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்துவிட்டு, படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. தமிழ் மக்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் செய்தது சரியா என்ற விவாதத்துக்குள் நான் நுழைய மாட்டேன்; அன்று தமிழ்நாட்டில் பலருடைய மனத்தில் இருந்ததைத்தான் அவர் செய்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அண்ணன் அதற்கு முன்பே திரும்பிவிட்டார். காட்பாடியில் அவரை அழைத்துவர நான் ஒருவன்தான் போனேன். ரயிலிலிருந்து சீருடையோடு இறங்கியவர், "இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நிலையக் கழிவறைக்குள் போய், கட்டம்போட்ட சட்டையும் லுங்கியுமாக வெளியே வந்தார். யாரும் அவரை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. பேருந்தில் சித்தூர்ச் சாலை முழுவதும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

(இடையில் ஒரு மனக்குறை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு சான்றுக்காக அவர் போன அலுவலகத்தில், பேசுவது தமிழ் என்பதால் எல்லைக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில், முகவரி ஆந்திரம் என்பதால் இந்தப் பக்கம் அனுப்பினார்கள். படையை யார் அனுப்பினார்கள் என்பதில் சண்டை போட ஆளிருந்தது, அண்ணனின் மனுவை வாங்கத்தான் ஆளில்லை.)

உங்கள் கேள்விக்கு உண்மையான விடை என்று நான் கருதுவது இனிமேல்தான் வருகிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார். ஒரு வாரத்துக்குள் எங்கள் திண்ணையில் படையை எதிர்த்தவர் ஒருவர்கூட மிச்சமில்லை. அவர்கள் மனம் மாறினார்கள் என்றால் எனக்கு அது புரிந்திருக்கும்; அப்படி ஒரு கொலைக்குப் பிறகு மாறாமல் இருப்பதுதான் கடினம். ஆனால் யாரும் "மாறிவிட்டேன்" என்று சொல்லவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றுதான் சொன்னார்கள். அண்ணன் கடிதத்தை விசாரிப்பதை நிறுத்தியவர்கள், நாள் தவறாமல் விசாரித்ததாக அம்மாவிடமே சொன்னார்கள். பொய் சொல்வதாக அவர்கள் முகத்தில் ஒரு சுவடும் இல்லை. கருத்து மாறிய நாளைக் கணிப்பில் பிடிக்க முடியும். பழைய கருத்து தங்களுடையதாக இருந்ததே இல்லை என்று மக்கள் நம்பத் தொடங்கும் நாளை எந்தக் கேள்வித்தாளில் பிடிப்பது?

1999-இல் கார்கில் போர் முடிந்த கையோடு வந்த ஆகஸ்ட் 15-க்கு, அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்று வந்திருந்த அண்ணனைக் கொடியேற்றப் பள்ளிக்கு அழைத்தார்கள். அழைக்க வந்தவர் அதே தமிழாசிரியர், அப்போது தலைமையாசிரியர். அவரே ரோஜா மாலை போட்டு, "கார்கில் கண்ட நம் ஊர்ச் சிங்கம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். அண்ணன் மாலையைக் கையில் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்கு எட்டாதபடி, "நான் கார்கிலுக்குப் போகலீங்க சார். யாழ்ப்பாணந்தான் போனேன்" என்றார்.

"எல்லாம் ஒண்ணுதானப்பா" என்று ஆசிரியர் அவர் தோளில் தட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கச் சொன்னார்.